அக்காவின் இடது கை

எதிர்வீட்டுப் பிள்ளைகள் கூடைப்பந்தைத் தரையில் தட்டும் சத்தம் கேட்டாலே, நான் டயகம தேயிலைத் தோட்டத்து லயத்தில் சிறுமியாகிவிடுவேன்.

ஹட்டனில் படித்த அக்கா திடீரென்று இடது கையால் பல் தேய்த்தாள், தலை சீவினாள். ஏனென்று எனக்குப் புரியவில்லை. ஒருநாள் சோற்றிலும் இடது கையை வைத்தாள். அம்மா அந்தக் கையிலேயே ஓர் அடி போட்டாள்.

“பந்து தட்ட ரெண்டு கையும் ஒரே மாதிரி பழகினாத்தான் பெரிய டீம்ல எடுப்பாங்கன்னு மாஸ்டர் சொன்னாரும்மா,” என்று அக்கா அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா அவளைத் தான் கொழுந்து பறிக்கும் தேயிலை மலைக்குக் கூட்டிப்போனாள்.

“கொழுந்த ரெண்டு கையாலயும் பறி. சோத்த மட்டும் வலது கையால தின்னு.”

பள்ளி முடிந்ததும் கொழும்புக் கம்பெனி ஒன்று அக்காவைத் தன் கூடைப்பந்து அணிக்காக வேலைக்கு எடுத்துக்கொண்டது. அம்மா இன்றைக்கும் என்னிடம் கேட்கிறாள், “நெசமாவே பந்து வெளையாடுனதுக்கா சம்பளம் குடுத்தாங்க?”