யாக்கா என்ற சொல் யாருடையது

எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஆஹென் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். எங்கள் ஆய்வகத்துக்கு ஓர் ஆஸ்திரேலியர் வந்து சேர்ந்தார். நல்ல பேச்சுக்காரர். காலைக் காப்பி நேரத்தில் தன் நாட்டுக் கொச்சைச் சொற்களை எடுத்துவிடுவார். ஜெர்மன்காரர்கள் சொல்லிப் பார்த்துச் சிரிப்பார்கள். காட்டில் தேநீர் கொதிக்க வைக்கும் தகரப் பாத்திரம் 'பில்லி'. அது ஸ்காட்லாந்திலிருந்து வந்ததாம். அசல் உண்மை என்றால் 'டிங்கம்'. இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளிகளின் பேச்சாம். பாட்டன் பூட்டன் கப்பலில் கொண்டுவந்த சாமான்களைக் காட்டுவதுபோலச் சொல்வார்.

கடும் உழைப்புக்கு அவருடைய சொல் 'யாக்கா'. நாள் முழுக்க உலையருகே நின்றுவிட்டு வந்தால் நானும் அதைச் சொல்லத் தொடங்கியிருந்தேன். அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கிருந்தும் இல்லை. நாங்களே உண்டாக்கினது" என்றார்.

நூலகத்தில் ஆஸ்திரேலியப் பேச்சுவழக்கு பற்றிய புத்தகம் ஒன்று கிடைத்தது. பிரிஸ்பேன் பக்கத்துப் பழங்குடி மக்களின் மொழியில் வேலைக்குப் பெயர் அது என்று போட்டிருந்தது. மறுநாள் சந்தோஷமாகத்தான் போய்ச் சொன்னேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அவங்களா? வேலைன்னா என்னன்னே தெரியாதவங்க. அதுக்கு ஒரு சொல் வேறயா?" மேசையே சிரித்தது.

எனக்குக் காது சுட்டது. "வேலைங்கிற சொல்லையே அவங்ககிட்டருந்து எடுத்துக்கிட்டு அவங்களையே சோம்பேறிங்கிறீங்களே, வெட்கமா இல்ல?" என்றேன். எங்கள் பேராசிரியர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, காப்பி நேரத்தில் அரசியல் வேண்டாம் என்றார். அந்த ஆள் சிரித்தபோது அது அரசியல் இல்லை. நான் பதில் சொன்னதும் அரசியலாகிவிட்டது!

வெளியே வந்ததும், எங்கள் ஆய்வகத்தில் இருந்த மதுரைக்காரர், "நம்மளை ஒண்ணும் சொல்லலையேங்க. லீவ் இட்" என்றார். அவர்மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

"நம்மளைச் சொன்னாத்தான் கோபம் வரணுமா? நம்ம ஆளுங்களையும் வெள்ளைக்காரன் இப்படித்தானே சொல்லிட்டிருந்தான்?"

அவர் உலைப் பக்கம் நடந்துவிட்டார்.

ஆஸ்திரேலியர் அதன் பிறகு என் முன்னால் அந்தச் சொல்லை எடுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஜெர்மன்காரர்கள் விடவில்லை. அவர்கள் சொல்லும்போதெல்லாம் அது யாருடைய சொல் என்று நானும் விடாமல் சொன்னேன். சலித்துக்கொண்டார்கள், சலிக்கட்டும். ஒருநாள் நான் வாய் திறக்குமுன் மதுரைக்காரரே, "அது பிரிஸ்பேன் பழங்குடிகளோட சொல்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.