பளீல் நானா பூட்டாத பெட்டி

பதுளைக் கடைவீதிப் பெரியோர்களே, தோட்டத்து மகாஜனங்களே, பளீல் நானாவைத் தெரிந்த மற்றவர்களே: நான் எழுதப்போகிற கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்து ஆரம்பிக்கிறேன். என் வாயிலிருந்து வருவதை நம்பிய பழக்கம் உங்களுக்கு எப்போதும் இருந்ததில்லை.

பண்டாரவளைச் சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "வாப்பா மவுத்தாகிட்டாங்க மாமா. அஸர் தொழுகையோட அடக்கம்" என்றான் நானாவின் மகன். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். ஹாலிஎலவுக்கு முன்னால் மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. நான் மையவாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஈரமண் மேடும், சாய்த்து வைத்த மண்வெட்டியும்தான் இருந்தன.

வளைகுடாவில் ரேடியோ வேலை பார்த்துவிட்டுத் தொண்ணூறுகளில் ஊர் திரும்பியவர் நானா. தோட்டத்து டிஸ்பென்சரிகளிலிருந்து ஆஸ்பத்திரி அம்புலன்ஸைக் கூப்பிடுகிற ரேடியோப் பெட்டிகளை நாங்கள் இருவரும் சேர்ந்து செய்து கொடுத்தோம். அவர் மூளை, நான் வாய்; 'பொய்ச்சாக்கு' என்றே என்னைக் கூப்பிடுவார். கம்பத்தில் ஏறுவதும் தோட்டத்துத் துரைமாரிடம் ஓடர் பிடிப்பதும் என் இலாகா. "எங்க பெட்டியில பேசினா திருச்சியில இருக்கிற உங்க சமையக்காரனோட பெரியப்பா திரும்பிப் பார்ப்பாருங்க" என்று ஒரு துரையிடம் அளந்தேன். பக்கத்திலிருந்த நானா, "பதுளை வரைக்கும் கேக்கும். கடும் மழைன்னா அதுவும் சந்தேகம்" என்றார். ஓடர் கிடைத்தது, அவர் முகத்துக்காக.

பெட்டிக்குள்ளே நகக்கண் அளவில் ஒரு சிப். எந்தச் சேனலில் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். கரண்ட் போனாலும் அழியாது. ஆனால் யாராவது சேனலைத் திருப்பினால், அதை நினைவில் வைக்கப் பெட்டி தானாகவே சிப்பில் எழுதப் பார்க்கும். எழுதும் நேரம் பெட்டரி இறங்கினால் பாதி பழசு, பாதி புதுசு என்று கிறுக்கிவிடும். அதற்காக நானா மூடிக்கு உள்ளே ஒரு சின்னப் பூட்டு சுவிட்ச் வைத்தார். பூட்டினால் சிப்பைப் படிக்கலாம், எழுத முடியாது. பெட்டி ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் சிப்பிலுள்ள எண்களைக் கூட்டிப் பார்க்கும். கணக்கு உதைத்தால் சிவப்பு லைட்டைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

"தப்பான சேனல்ல கத்திப்போட்டு, கூப்பிட்டாச்சின்னு நம்பி உக்காந்திருக்கிறவன் வேற வழி தேட மாட்டான்" என்பார் நானா.

பூனாகலைக்கு அப்பால், பெயர் சொல்ல விரும்பாத ஒரு தோட்டத்தில், டிஸ்பென்சரி டாக்டரையா ஒருமுறை மூடியைக் கழற்றிப் பூட்டைத் திறந்து வைத்துவிட்டார். பூட்டியிருந்தால் திருப்பிய சேனல் பெட்டிக்கு நினைவிருக்காது; தினமும் திருப்பச் சோம்பல். அன்றைக்கு நானா போட்ட சத்தத்தில் நாலு மலையில் கொழுந்து உதிர்ந்தது. பதுளை ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்ட ரயில் பயந்து பின்னால் போனது.

"உங்க மருந்து அலுமாரியை ஒருத்தன் திறந்து வெச்சிட்டுப் போனா என்ன செய்வீங்க டாக்டரையா?"

"கொன்னுருவேன்."

"அப்ப நான் உங்களை என்ன செய்ய?"

அடுத்த வருஷம் ஆஸ்பத்திரிப் பக்கம் சேனலை மாற்றினார்கள். அதே தோட்டத்துக்கு நானா தனியாகப் போய்ப் புதிய சேனலை எழுதிவிட்டு, மழை இருட்டுகிறதென்று கடைசி பஸ்ஸுக்கு ஓடி வந்தார். அந்த வாரமே மலையில் குளவி கலைந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மாரியாயிக்கு முகமெல்லாம் கொட்டு. டாக்டரையா பெட்டியில் கூப்பிட்டிருக்கிறார். பதில் தெளிவாக இல்லை. சேனலை முன்னும் பின்னும் திருப்பியிருக்கிறார். பெட்டரி இறங்கி, பெட்டி அணைந்து, திரும்ப எரிந்தபோது சிவப்பு லைட். லொறியில் ஏற்றிக் கொண்டு போனார்கள். பாதி வழியில் மாரியாயி போய்விட்டாள்.

மறுநாள் நாங்கள் போனபோது டிஸ்பென்சரி வாசலில் கூட்டம். முந்தின நாள் இடி முழக்கமும் இருந்ததால், இடிதான் பெட்டியை அடித்தது என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. டாக்டரையா எங்களைக் கண்டதும் ஓடி வந்தார். "சத்தியமா இந்தத் தடவை நான் மூடியைத் தொடலை நானா."

யாராவது திறந்தால் தெரியட்டும் என்று மூடியில் நானா ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது. அவரே அதைக் கிழித்து மூடியைக் கழற்றினார். நான் டோர்ச் பிடித்தேன். பூட்டு திறந்திருந்தது. அவருக்குப் பிறகு வேறு யாரும் மூடியைத் திறந்திருக்கவில்லை.

"இடின்னே இருக்கட்டும் நானா. அவங்களே சொல்றாங்க" என்று காதோரம் சொன்னேன்.

"இடி அடிச்சா சிப் கருகும். இது பாதி எழுதியிருக்கு."

"அது உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும்?"

"நமக்குத் தெரிஞ்சது போதாதா, பொய்ச்சாக்கு?"

நேரே தொழிலாளர் லயத்துக்கு நடந்தார். மாரியாயியின் புருஷன் சன்னாசி வாசலில் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் நின்று, குரலை உயர்த்தாமல், "பெட்டியைப் பூட்டாமப் போனது நான்தான்" என்றார்.

சன்னாசி நிமிர்ந்து கேட்டான்: "பூட்டியிருந்தா பொழைச்சிருப்பாளா?"

"தெரியாது. கூப்பிட்டிருக்கலாம்."

சன்னாசி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அதன் பிறகு நானா ஒவ்வொரு தோட்டமாகப் போய்ப் பூட்டு சுவிட்சுகளை வெட்டி எடுத்தார். சிப்பில் எழுத விடுகிற கம்பிக்காலை நிரந்தரமாகப் பூட்டியபடியே ஈயம் வைத்து ஒட்டினார். இனி சேனல் மாற்றுவதென்றால் பெட்டியைக் கடைக்குத் தூக்கி வந்து, ஈயத்தை உருக்கித்தான் ஆக வேண்டும். துரைமார் எரிச்சல்பட்டு வேறு ஆட்களிடம் போனார்கள். "மத்தவனுக்குப் பயந்து சுவிட்ச் வெச்சேன். எனக்குப் பயந்து வெக்கல்ல" என்றார் ஒருநாள். அதற்குப் பிறகு அவர் சத்தம் போட்டு நான் கேட்கவில்லை. கடை ஒடுங்கியது, அவரும் ஒடுங்கினார்.

மையவாடியிலிருந்து திரும்பியவன் மறுநாள் சன்னாசியைத் தேடிப் போனேன். செய்தியைச் சொன்னேன். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டான். "எங்கிட்ட உண்மையைச் சொன்னது அந்த மனுசன் ஒருத்தருதாங்க. அதனாலதான் அவரு மூஞ்சியைப் பாக்கவே முடியல" என்றான்.

மேலே எழுதியதில் எதை வேண்டுமானாலும் தள்ளிவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. பாதிக்கு மேல் நானே அலங்காரம் பண்ணியது. ஆனால் சன்னாசி வாசலில் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் என் காதால் கேட்டது. அதில் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நானாவிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.