சின்னராசு நீட்டாத கை

1. பக் அல்ல

வேலூரில் ஒரு சிறிய வீடியோ கேம் கம்பெனியில் கதை எழுதுவது என் வேலை. முதல் கேம் வெளிவருவதற்கு முந்தின வாரம் கேமை ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் டெஸ்டர் லதா என் மேசைக்கு வந்தாள்.

"சார், பாறையில அஞ்சு தேனடை இருக்குது. நம்ம கேம்ல வர்ற ஆளு நாலு அறுக்குறான். அஞ்சாவதுக்கு எத்தினி வாட்டி பட்டன அழுத்துனாலும் கைய நீட்டிட்டுப் பின்னால இழுத்துக்குறான். இன்னா சார் இது, பக்கு?"

"பக் இல்லம்மா. அவன் அப்படித்தான்."

நெல்லிவாசல்நாட்டு மலையில் தேன் எடுக்கும் சின்னராசுவை வைத்து நான் எழுதிய பாத்திரம் அது. முகம், நடை, பெயர் எல்லாம் அவர் சம்மதத்தோடு எடுத்தவை. ஊர்ப் பொதுப் பாறையில் ஏற அவரை மட்டுமே விடுவார்கள். கடைசி அடையைத் தேனீக்களுக்கு விட்டுவிடுவார் என்ற நம்பிக்கைதான் காரணம். நிஜத்தில் அந்தப் பக்கம் அவர் கையே நீட்டமாட்டார். நீட்டி இழுப்பது மட்டும் என் கற்பனை.

2. டிசைன் நோட்

பத்து ஆண்டுகள் கழித்துக் கம்பெனி கைமாறியது. அதே கேமைப் புதிதாகச் செய்து வெளியிட, ரீபூட் செய்தார்கள். அணியின் புது லீட் கேட்டார்:

"ஆடறவங்க எரிச்சலாவறாங்க சார். கை இழுக்குறத எடுத்துட்டு அஞ்சாவதையும் அறுக்க வெச்சா ஆளு மாறிடுவானா?"

எனக்கு ஓய்வுபெற ஒரு மாதம் இருந்தது. வாதாட அலுப்பாக இருந்தது. டிசைன் நோட்டில் 'எடுத்துவிடலாம், பாத்திரம் மாறாது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எழுதும்போதே பொய் என்று தெரியும்.

3. ஸ்பீக்கர் போன்

ஓய்வுபெற்று இப்போது அதே மலையில் காவலூரில் இருக்கிறேன். போன மாதம் ஷேர் ஜீப் பிடித்து சின்னராசுவைப் பார்க்கப் போனேன். உட்காரச் சொல்லாமல், புது கேம் ஓடிய போனை நீட்டினார்.

"இது யாரு சார்?"

"நீங்கதான்."

"மூஞ்சி என்னுது. கை யாருது?" பட்டனை அழுத்தினார். ஐந்தாவது அடையும் அறுந்து விழுந்தது. "போன வாரம் பாறையில அஞ்சும் காலி. எவன் வழிச்சானோ! எல்லாரும் என் வூட்டுப் பானையத் தொறந்து பாக்குறாங்க. 'ஆளில்லாதப்ப நீ இப்படித்தானா சித்தப்பா'ன்னு பங்காளி மவன் சிரிக்கிறான்."

வாசலில் கூடி நின்றவர்களிடம், மாற்றியது நான்தான் என்றேன். ஒரு பெண் விடவில்லை.

"பழசுல இவரப் பாத்துத்தான செஞ்சீங்க? புதுசு மட்டும் யாரப் பாத்து செஞ்சீங்க?"

அவர்கள் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் லீடைக் கூப்பிட்டு, கையையாவது பெயரையாவது மாற்றச் சொன்னேன்.

"உங்க நோட்டு எதிர்லயே இருக்கு சார். பாத்திரம் மாறாது, அதே ஆளுதான்னு நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

அந்தப் பெண் சின்னராசுவை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த முறை அவர் வேறொரு பாறையில் ஏறியபோது, கீழே காவலுக்கு இரண்டு பேர் நின்றார்கள். நானும் நின்றேன். நான்கு அடைகளை அறுத்தார். பிறகு ஐந்தாவதை நோக்கிக் கையை நீட்டி, எங்களுக்குத் தெரியும்படி மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

கேம் எழுத வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒருவன் எதைச் செய்யமாட்டானோ அதைச் செய்யவைத்துவிட்டு, அவன் அதே ஆள்தான் என்று கையெழுத்துப் போடாதீர்கள்.