தண்ணீர் ஊற்றியவர் கையெழுத்து

சுலோச்சனா மேடம் இறந்த செய்தி எனக்கு வகுப்பறையில் கிடைத்தது. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குத் தொகையீட்டுக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் மருதாசலம் வாசலில் வந்து நின்றார். "சார், நம்ம சுலோச்சனா மேடம் தவறிட்டாங்களாமுங்க. காத்தால அஞ்சு மணிக்குங்க. சரவணம்பட்டியில ஊட்டுலயே வெச்சிருக்காங்களாமா. காலேஜ் வேன் பத்தரைக்குக் கெளம்புதுங்க" என்றார். கையிலிருந்த கணக்கை முடித்துவிட்டுத்தான் நான் இறங்கினேன். அதைக் கடமை உணர்ச்சி என்று யாரும் நினைக்க வேண்டாம். வேனில் போய் உட்காரப் பயமாக இருந்தது.

பயந்தபடியே நடந்தது. வேன் கணபதி பஸ் ஸ்டாப்பைத் தாண்டியதும் பின்வரிசையில் ஒருவர் ஆரம்பித்தார். "நல்ல மனுசிங்க. அந்த ஆனைமலை பேட்டரி சமாச்சாரம் மட்டும் நடக்காம இருந்திருந்தா எங்கயோ போயிருப்பாங்க." இன்னொருவர், "பொம்பளை போட்ட பேட்டரின்னு பேராயிப்போச்சுங்களே. அப்புறம் ஒருத்தரும் கூப்பிடலையாமா" என்றார். அந்தச் சமாச்சாரத்தில் செத்தது என் தகப்பனார் என்பது அப்போதுதான் அவர்களுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். என் மேல் இரக்கப்பட்டு நிறுத்தினார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பழைய மாணவர் சங்கம் மேடத்துக்கு நினைவு மலர் கொண்டுவருகிறது. "அவங்களோட அதிகம் பழகினவர் நீங்கதான், ஒரு பக்கம் எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டார்கள். ஒரு பக்கத்தில் அடங்காது. அடங்குகிற மாதிரி எழுதினால் அது இன்னொரு மறைப்பாகிவிடும். மறைத்தது போதும்.

எங்கள் பாலிடெக்னிக்கில் அவர் மின்னியல் விரிவுரையாளர், நான் கணிதம். அவருடைய பருத்திச் சேலைகள் எல்லாவற்றிலும் கீழ்க்கரையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருக்கும். பேட்டரி ஆசிட் தெறித்த ஓட்டைகள். ஒருமுறை ஆய்வுக்குழு வரும் நாளில் துறைத் தலைவர், "இன்னிக்காவது நல்ல சேலை கட்டக்கூடாதுங்களா?" என்று கேட்டுவிட்டார். மேடம் குனிந்து தன் சேலையைப் பார்த்தார். "நல்ல சேலைதானுங்க சார். ஆசிட்டுக்குத்தான் அது தெரியலீங்க" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சூரிய மின்சாரம் என்றால் பொருட்காட்சியில் பார்த்துவிட்டு நகர்கிற சமாச்சாரம். மேடம் மட்டும் சனி ஞாயிறுகளில் பை ஒன்றை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மின்கம்பம் போகாத தோட்டத்து வீடுகளாகத் தேடிப்பிடித்து, கூரையில் தகடு வைத்து, பேட்டரி போட்டு, விளக்கெரிய வைத்துவிட்டு வருவார். அப்படி நாலைந்து வீடுகள் முடித்திருந்தார். வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாகச் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. பீளமேட்டில் ஒரு ஷெட்கூடப் பார்த்து வைத்திருந்தார். பேர்ப்பலகையில் தன் பெயரைத் தமிழில் எழுதுவதா இங்கிலீஷிலா என்று என்னிடம் யோசனை கேட்டார்.

எங்கள் வீட்டுக்கு அவரை அழைத்துப் போனவன் நான்தான். ஆனைமலைக்குத் தெற்கே எங்கள் தோட்டம். மின்கம்பம் வருவதென்றால் பங்காளி வயல் வழியாக வர வேண்டும். பங்காளி விடவில்லை, வழக்கு நடந்துகொண்டிருந்தது. கிணற்றுக்கு ஆயில் இன்ஜின், வீட்டுக்கு அரிக்கேன் விளக்கு என்று காலம் ஓடியது. இதற்கு நடுவில் என் தகப்பனாருக்கு, எங்கள் அய்யனுக்கு, மூச்சிழுப்பு முற்றிவிட்டது. மருந்தை ஆவியாக்கி மூச்சுக்குள் செலுத்தும் இயந்திரம் ஒன்றை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார் பொள்ளாச்சி டாக்டர். நாங்கள் அதை ஆவி மிஷின் என்போம். அது ஓட மின்சாரம் வேண்டும். டவுனுக்கு வந்துவிடுங்கள் என்று நானும் அண்ணனும் கெஞ்சிப் பார்த்தோம். "தோட்டத்தை உட்டுப்போட்டு அங்க வந்து எவன் மூஞ்சியப் பாக்கறது?" என்று அய்யன் முடித்துவிட்டார்.

மேடம் வந்ததும் கூரையைப் பார்க்கவில்லை. முதலில் அய்யனுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மிஷின் ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அண்ணன் குறுக்கே வந்தார். "எதுக்குங்க அம்மணி இத்தனை கணக்கு? நம்ம மச்சான் லாரி பேட்டரி தர்றேங்கறாரு. பாதி வெலைதான்." மேடம் பென்சிலை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "லாரி பேட்டரி ஒரே மூச்சுல இன்ஜினைத் தூக்கிவுட்டுட்டு அப்புறம் சும்மா இருக்கறதுங்க. இங்க கொஞ்சங் கொஞ்சமா நெடுநேரம் குடுத்துட்டே இருக்கோணும். அதைக் கொண்டாந்து இந்த வேலைக்குப் பூட்டினா ஒரு வருசத்துல படுத்துக்குமுங்க."

"சரி கண்ணு, மழைநாள்ல வெயிலே வராட்டி என்ன பண்றது?" என்று கேட்டார் அய்யன். "மூணு நாள் சேர்ந்தாப்பல வெயில் இல்லாட்டியும் தாங்கற மாதிரிதானுங்க அய்யா பாத்துப் போடறது" என்றார் மேடம்.

பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார். பேட்டரியில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று மூடி முத்திரையிட்டது. தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஆனால் விலை இரண்டு மடங்கு, நம்மூர் வெயிலுக்குச் சீக்கிரம் உப்பிவிடும். இன்னொன்று டியூபுலர் பேட்டரி. நன்றாக வைத்துக்கொண்டால் பல வருடம் உழைக்கும். மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர், அதாவது காய்ச்சி வடித்த தண்ணீர், ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். "பேட்டரியப் பாத்து வாங்கக் கூடாதுங்க சார். தண்ணி ஊத்தற ஆளைப் பாத்து வாங்கோணும். ஆள் இருக்குதுங்களா?"

நான் இருக்கிறேன் என்றேன். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவர் டியூபுலர் பேட்டரியைத் தேர்ந்தெடுத்தார்.

பேட்டரி வைத்த அறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டினார். மேலே பெரிய எழுத்தில் 'டிஸ்டில்டு வாட்டர் மட்டும்'. கீழே இரண்டு பத்தி. ஒன்றில் தேதி. மற்றதில் 'தண்ணீர் ஊற்றியவர் கையெழுத்து'. இரண்டு கேன் டிஸ்டில்டு வாட்டரையும் ஒரு புனலையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு வருடத்துக்கு மேல் எந்தக் குறையும் இல்லை. அய்யன் மிஷினை முகத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "வெயிலைக் குடிச்சுப்போட்டு மூச்சு உட்டுட்டிருக்கறன்" என்று பெருமை பேசினார். மாதா மாதம் முதல் வாரத்தில் ஆசிரியர் அறையில் மேடம் என்னிடம் தவறாமல் கேட்பார்: "தண்ணி ஊத்தியாச்சுங்களா சார்?" ஆச்சுங்க என்பேன்.

இரண்டு கேனும் ஒருநாள் தீர்ந்தன. நான் ஊருக்குப் போவது ஞாயிற்றுக்கிழமை. பொள்ளாச்சி பேட்டரிக் கடைக்கு ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமையே கோயமுத்தூரில் வாங்கியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். ஆனால் கையில் ஒரு கேன் இருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால் அய்யனுக்குக் காப்பி போட ஒவ்வொரு முறையும் கோயமுத்தூர்க் குழாயில் வரும் சிறுவாணி ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுபோவேன். கோயமுத்தூர்க்காரனுக்குச் சிறுவாணியை விடச் சுத்தமான தண்ணீர் உலகத்தில் உண்டா? கண்ணாடி மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் இனிக்கும். மனிதன் குடிக்கிற தண்ணீர் பேட்டரிக்கு ஆகாதா என்று புனலை வைத்து ஊற்றினேன். தாளில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

ஒன்றும் ஆகவில்லை. அதனால் அடுத்த மாதமும் அதையே ஊற்றினேன். அதற்கடுத்த மாதமும். இரண்டு கேன் தூக்கிக்கொண்டு பஸ் ஏறச் சோம்பல், அவ்வளவுதான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. தலைக்கு மேலே அவர் எழுதி ஒட்டியிருந்ததைப் படித்துக்கொண்டேதான் ஊற்றினேன். மேடம் கேட்டபோதெல்லாம் ஆச்சுங்க என்றேன். பொய்யில்லை பாருங்கள், தண்ணீர் ஊற்றித்தான் இருந்தேன். ஐந்து மாதம் இப்படிப் போயிற்று.

ஆடி பிறந்ததும் மலைப்பக்கம் மூட்டம் போட்டுவிட்டது. வெயில் மறைந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு அய்யனுக்கு இழுப்பு வந்தது. அண்ணன் மிஷினைப் போட்டார். இரண்டு நிமிடம் ஓடி, இன்வெர்ட்டர் கத்தி, நின்றது. அணைத்துப் போட்டார், நின்றது. வயரைப் பிடுங்கித் துடைத்து மாட்டினார், நின்றது. வழக்குப் போட்ட அதே பங்காளியின் ஜீப்பில்தான் அய்யனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பொள்ளாச்சி போய்ச் சேரவில்லை. நான் அந்த நேரத்தில் கல்லூரியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மேடம் துக்கம் விசாரிக்க வந்தார். பந்தலில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து, "ஏனுங்க அம்மணி, மூணு நாள் தாங்குமுன்னீங்க. மூணு நிமிசம் தாங்கலையே. வந்து பாருங்க" என்றார். நானும் பின்னால் போனேன். மேடம் பையிலிருந்து ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரை எடுத்து, பேட்டரியின் ஒவ்வொரு அறையிலிருந்தும் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தார். எதிலும் மிதவை எழும்பவே இல்லை, சார்ஜ் துளியும் இல்லை. டிஸ்டில்டு வாட்டர் கேன்கள் இரண்டையும் தூக்கிப் பார்த்தார். வாயில் நூலாம்படை கட்டியிருந்தது. பிறகு பக்கத்திலிருந்த சிறுவாணிக் கேனைப் பார்த்தார். புனல் அதன் வாயிலேயே செருகியிருந்தது.

என்னை ஒரு தடவை பார்த்தார். சுவரிலிருந்த தாளைக் கிழியாமல் உரித்து மடித்துப் பைக்குள் வைத்தார். "என்னதானுங்க ஆச்சு?" என்றார் அண்ணன்.

"பேட்டரியப் பாத்து எடுத்தது நானுங்க. என்ர கணக்குத் தப்பிப்போச்சுங்க" என்றார் மேடம்.

"லாரி பேட்டரியே வாங்கியிருந்தா எங்கய்யன் இருந்திருப்பாரு" என்று அண்ணன் அழுதார். மேடம் தலைகுனிந்து நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

கருமாதி முடிந்து நான் கல்லூரிக்குத் திரும்பியதும் என்னை லேபுக்குக் கூப்பிட்டார். கோபமாகத்தான் இருந்தார். அவரைத் தியாகி ஆக்கி இந்த மலரில் மாலை போட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். "எந்தக் கொழாத் தண்ணியிலயும் துளி இரும்பு, குளோரின் இருக்குமுங்க சார். பேட்டரிக்கு அது வெசம். நீங்க சும்மா வெச்சிருந்தாலும் உள்ளுக்குள்ளயே கரைஞ்சு தீந்து போகும். இதை உங்களுக்குச் சொல்லாம உட்டனுங்களா?" என்றார். சொல்லியிருந்தீர்கள் என்றேன். "எழவு ஊட்டுல அண்ணந்தம்பிக்குள்ள வெட்டுக்குத்து வேண்டாமுன்னு அன்னிக்கு அப்படிச் சொன்னன். கருமாதி முடிஞ்சதும் நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனைச்சனுங்க. சொல்லலீங்களா?"

"சொல்றனுங்க மேடம்" என்றேன்.

அவர் மடித்து வைத்திருந்த தாளை என்னிடம் நீட்டினார். "இது உங்களுதுங்க. நீங்களே வெச்சுக்கங்க."

தீபாவளிக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். பிறகு பொங்கலுக்கு என்றேன். அதற்குள் அண்ணன் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி, உடுமலைப் பக்கம் மேடத்திடம் வேலை சொல்லியிருந்த இரண்டு வீட்டார் வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். பீளமேட்டு ஷெட்டை வேறு ஒருவர் பிடித்துக்கொண்டார். துக்கத்துக்கு வந்த பங்காளி மனம் மாறி மின்கம்பத்துக்கு வழி விட்டார். அடுத்த வருடமே எங்கள் தோட்டத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. எல்லோருக்கும் ஏதோ ஒரு வழி பிறந்தது, அவருக்குத்தான் ஒன்றும் பிறக்கவில்லை. மேடம் அதன் பிறகு என்னிடம் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. மாத முதல் வாரங்களில் ஆசிரியர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தோம். அவர் என்னைக் கேட்க வேண்டியது எதுவும் இல்லாமல் போயிருந்தது. உடம்பு சரியில்லை என்று முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு போனார். அவரைக் கடைசியாகப் பார்க்கப் போன அன்று அந்தச் சரவணம்பட்டி வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பேட்டரிகூட இல்லை.

போன ஞாயிறு ஆனைமலைக்குப் போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏந்தம்பி, அந்த அம்மணி உசுரோட இருக்கையில சொல்லியிருந்தீன்னா, நான் போயிக் கால்ல உளுந்திருப்பனே" என்றார். எழுந்து தோட்டத்துக்குள் போய்விட்டார். நான் பஸ் ஏறும் வரை திரும்பி வரவில்லை.

மேடம் என்னிடம் கொடுத்த தாளை இந்தக் கட்டுரையோடு இணைத்திருக்கிறேன். மலரில் அவருடைய படத்துக்குப் பக்கத்தில் அதையும் அச்சிடுங்கள். மேலே இருப்பது அவருடைய கையெழுத்து. ஒரு பிழை கிடையாது. கீழே இருப்பவை என்னுடையவை, கடைசி ஐந்தும் பிழை. பேட்டரியைத் தேர்ந்தெடுத்ததில் அவர் தவறவில்லை. ஆளைத் தேர்ந்தெடுத்ததில்தான் தவறினார்.

தாளையும் கொடுத்துவிட்ட பிறகு மேடத்தினுடையது என்று என்னிடம் மிச்சம் இருப்பது அவருடைய கேள்வி ஒன்றுதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன். மாதம் பிறந்தால் இப்போதும் அது காதில் விழுகிறது. தண்ணி ஊத்தியாச்சுங்களா சார்?

ஊத்தினனுங்க மேடம். சிறுவாணித் தண்ணீங்க.