தறிக்குழியை மூடப் போனேன்

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான், சிவில் டிப்ளமோ. முசரவாக்கத்திலிருந்து எங்கள் சர்ச் குழுவோடு, பெரிய காஞ்சிபுரத்தில் வெள்ளம் புகுந்த ஒரு நெசவாளர் வீட்டில் தரை போடப் போனேன். தறியைக் கழற்றி மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். கீழே, ஓரம் சரிந்து ஒரு குழி. வெள்ளம் அரித்தது என்று நானே முடிவுகட்டி, கல்லைப் போட்டு நிரப்பச் சொன்னேன். கான்கிரீட் கொட்டப் போகும்போது வீட்டுக்கார அக்கா ஓடிவந்தார்.

"நிறுத்துமா! அது தறிக்குழி. அத்த மூடிட்டா, கால எங்க வெச்சிக்கினு நெய்யறது? உன் தலைமேலயா?"

கற்களை நானே வெளியே எடுத்தேன். எத்தனையோ தறி பார்த்திருக்கிறேன். நெய்பவரின் கால் எங்கே இருக்கும் என்று யோசித்ததே இல்லை.

இப்போதெல்லாம், "இந்த எடத்துல என்னக்கா செய்வீங்க?" என்று கேட்ட பிறகுதான் டேப்பையே எடுக்கிறேன்.