இங்கிலீஷில் இம்மானுவேல்

புதுவாயல் கூட்டுரோட்டில் காலை ஏழே கால் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது பிரின்சி துப்பட்டாவை மூக்குவரை இழுத்துக் கட்டிக்கொள்வாள். லாரிப் புழுதிக்காக என்று பக்கத்தில் நிற்பவர்கள் நினைப்பார்கள். உள்ளே உதடுகள் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருக்கும்.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் முதலுதவி அறையில் நர்ஸ். வயது முப்பத்து நான்கு. கண்ணில் பொறி விழுந்து ஓடி வருகிறவர்களிடம் முதலில் இங்கிலீஷில் விசாரித்துவிட்டுத்தான் தமிழுக்கு இறங்குவாள். "இன்னா சிஸ்டர், மருந்து ஊத்துறியா, பாடம் எடுக்குறியா? கண்ணு எரியுது!" என்று ஃபிட்டர் தேசப்பன் கத்துவாராம். "கொஞ்சம் பொறுண்ணா, பரிட்சை வருது" என்று இமையை விரித்துப் பிடித்தபடி சொல்வாளாம்.

லண்டன் ஆஸ்பத்திரி வேலைக்கான பேச்சுத் தேர்வு அது. ஒன்பதுக்கு ஏழு மதிப்பெண் வேண்டும். டிசம்பரோடு முதலுதவி அறை வேறு ஏஜென்சியின் கைக்குப் போகிறது. அதன்பின் அவளுக்கு வேலை இல்லை. தேறிவிட்டால் மாமியார் கங்கம்மாவை மணவாள நகரில் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறலாம்.

செல்போன் கடை மாடியில் நான் நடத்தும் இங்கிலீஷ் வகுப்புக்கு அவள் வந்தபோது இரண்டு முறை தோற்றிருந்தாள். இரண்டு முறையும் தடுக்கி விழுந்தது ஒரே கேள்வியில்: 'உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.' கணவர் இறந்துவிட்டார் என்று சொல்வாள். அதற்கப்புறம் ஒரு வார்த்தை வராது. இம்மானுவேல் ரோலிங் மில்லில் இருந்தவர். நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. "அந்நேரம் நான் டூட்டில யாருக்கோ கட்டு போட்டுக்கினு இருந்தேன் சார்" என்று ஒரே ஒரு முறை சொன்னாள்.

"தேர்வாளர் நிஜமா பொய்யா என்று பார்க்கமாட்டார். கணவர் உயிரோடு இருப்பதாகவே சொல்லிவிடுங்களேன்" என்றேன். பெரிய கெட்டிக்காரத்தனமாக நினைத்துக்கொண்டு சொன்னேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து அவள் நாக்கு அவிழ்ந்தது. இங்கிலீஷில் இம்மானுவேல் தினமும் வேலைக்குப் போய்வந்தார். நெத்திலி வறுவலுக்குச் சண்டை போட்டார். பைக்கின் டயரை மாற்றினார். பெரியபாளையம் ரோட்டில் மழையில் மாட்டிக்கொண்டு நனைந்து வந்தார். வாரத்துக்கு ஒரு புதுச் செய்தி இருக்கும். போன மாதம் அவருக்குக் காதோரம் நரைக்க ஆரம்பித்திருந்தது. நான் வாக்கியங்களைத் திருத்தினேன். வேறு எதையும் திருத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டில் சாயங்காலம் உரக்கச் சொல்லிப் பார்ப்பாள். கங்கம்மா அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்பாள். அவளுக்குப் பிடிபடுவது மகன் பெயர் மட்டும். "அவன் பேரு அடிக்கடி வருதே, இன்னாம்மா சொல்ற?" என்பாள். "நல்ல மனுசன்னு சொல்றேன் அத்தை" என்று பிரின்சி பேச்சை முடித்துவிடுவாள்.

மூன்றாவது முறை ஏழு வந்தது. ஸ்வீட் டப்பாவோடு நான் அவள் வீட்டுக்குப் போனபோது பிரின்சி சிரித்தாள். அவள் பல்வரிசையை அன்றுதான் பார்த்தேன். கங்கம்மா ராத்திரிச் சோற்றுக்கு உலை வைத்து அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இனிமே அந்த இங்கிலீஷு பேசமாட்டியா?"

"தேவயில்ல அத்தை. பாஸாயிட்டேன்ல."

கங்கம்மா கழுநீரைச் சாய்த்து வடித்தாள். "அப்ப ஒரு வாட்டி எனுக்குத் தமிழ்ல சொல்லு. இத்தினி நாளா கேட்டுக்கினு கீறேன், ஒண்ணும் புரியல."

பிரின்சி என்னைப் பார்த்தாள். நான் தலை குனிந்துகொண்டேன். அவள் சுவரோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, தேர்வில் உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவரு மில்லுல வேல செய்றாரு, அத்தை. இந்த வாரம் ஜெனரல் ஷிப்ட்டு." குரல் இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. "காதாண்ட கொஞ்சம் நரச்சிருக்கு. சொன்னா கோச்சுக்குவாரு. இப்ப வந்துருவாரு. வரும்போதே பசின்னு சொல்லிக்கினுதான் வருவாரு."

கங்கம்மா அரிசி டப்பாவைத் திறந்து, இன்னும் இரண்டு பிடி அள்ளிப் போட்டுக் களைய ஆரம்பித்தாள்.