பந்து வராத இடம்

எங்கள் தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவில், துரைமார் கோல்ப் விளையாட ஒரு புல்வெளி வைத்திருந்தார்கள். தேயிலை நட்ட இடத்தையெல்லாம் மலை என்று சொல்லிப் பழகிய நாங்கள், அதையும் பந்து மலை என்றே சொன்னோம். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருசம் ஆகியிருக்கும். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் ஆறு பெண்களைப் பிரித்து அங்கே களை பிடுங்க அனுப்புவார்கள். அந்த ஆறு பேரில் நான்தான் மூத்தவள்.

அடித்த பந்து எங்கே போய் விழும் என்று என்னால் சொல்லிவிட முடியும். யாரும் சொல்லித் தரவில்லை. நாலு வருசம் குனிந்தபடியே பார்த்துக் கற்றுக்கொண்டது. மழை மாதங்களில் தரை குழைந்து கிடக்கும். பந்து விழுந்த இடத்திலேயே புதைந்துவிடும், ஒரு முழம்கூட உருளாது. மூடுபனி இறங்கிய குளிர் காலையில் எவ்வளவு பலமாக அடித்தாலும் பந்து சோர்ந்துபோய்ப் பக்கத்திலேயே இறங்கும். எதிர்க்காற்றில் மேலே ஏறுமே தவிர முன்னால் போகாது. துரைமாரின் பையைத் தூக்கி வருகிற ஆட்கள்கூட, “இன்னைக்கு எப்படிக்கா இருக்கும்?” என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. இல்லை என்று சொல்லமாட்டேன்.

புல்வெளியின் கடைசியில் ஒரு தண்ணீர்க் கான் ஓடியது. அந்த மழைக்காலம் முழுக்க ஒரு பந்துகூட அதைத் தாண்டவில்லை. கானுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் ரொட்டி தின்போம். அந்த இடத்தைப் பார்த்துச் சொன்னவள் நான்.

நாங்கள் குடியிருந்த லயத்தில் எனக்கு அடுத்த காம்பராவில் இருந்தவள் மார்கழியில்தான் எங்களோடு சேர்ந்தாள். பந்தை அடிக்கும் கோல் சத்தம் கேட்டாலே இடுப்பில் கட்டிய சாக்கை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொள்வாள். “அவ சாக்குக்குள்ளயே குடும்பம் நடத்துவா போலருக்கு” என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

தை பிறந்து பத்து நாள் மழையே இல்லை. அன்று காலையில் புல் நுனியெல்லாம் பனி வெள்ளையாகப் பூத்திருந்தது. பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறி, தரை கட்டாந்தரையாகக் காலில் குத்தியது. காற்றும் புல்வெளி நடுவில் இருந்த மேட்டுப் பக்கத்திலிருந்து எங்களைப் பார்த்து வீசியது. சாப்பிட உட்கார்ந்தோம். அவள் மட்டும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தேயிலைச் செடிகளைப் பார்த்து நடந்தாள்.

“எங்கடி போற? அப்படியே டயகமைத் தோட்டத்துக்கே போயிருவியா?” என்றேன்.

“இல்லக்கா, இன்னைக்குச் சத்தம் வேற மாதிரி கேக்குது.”

“கேட்டீங்களாடி? நேத்து வந்தவ எனக்குச் சத்தம் சொல்லித் தாரா. வராது. வந்தா என் தலையில விழட்டும். வந்து உக்காரு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பந்து கானுக்கு முன்னால், புல்வெளித் தரையில் ஒருமுறை குத்தி எழும்பியது. கானைத் தாண்டி வந்து அவள் நெற்றிப் பொட்டில் பட்டது. இரத்தம் வரவில்லை. அடித்தவர் கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு துரை. பதறிக்கொண்டு ஓடிவந்தார். பை தூக்குகிறவன்தான் எங்களுக்கு விளக்கினான்: “கொழும்புல இதே அடி அந்த மேட்டோட நின்னுருமாம். மலையில காத்து லேசு, பந்து தூரம் போவும்னு அவருக்குத் தெரியல. அதான் விலகச் சொல்லிச் சத்தம் குடுக்கல.” அவர் கொழும்புக் கணக்கில் அடித்தார். நான் மழைக்காலக் கணக்கில் உட்கார வைத்தேன்.

கங்காணி வந்து கேட்டார்: “யாரு இங்க உக்காரச் சொன்னது?”

மற்ற நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

“அவளாத்தான் உக்காந்தாங்கய்யா. நான் தள்ளிப் போகத்தான் சொன்னேன்” என்றேன்.

அவள் நெற்றிப் பொட்டை அழுத்திப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “ஆமாங்கய்யா, அக்கா சொல்லுச்சு. நாந்தான் கேக்கல” என்றாள்.

மாலை வரை வேலை செய்தாள். திரும்பும் வழியில் ஒருமுறை வாந்தி எடுத்தாள். “தலை கனக்குதுக்கா, படுத்தாச் சரியாயிரும்” என்றாள். மறுநாள் பெரட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டாம் தடவை கூப்பிடுவதற்குள் லயத்துப் பக்கமிருந்து அவள் புருசன் அலறியது கேட்டது.

அவளை மயானத்துக்கு எடுத்துப் போன அன்று அவன் என்னிடம் வந்து, “அவகிட்ட நீங்க என்ன சொன்னீங்கக்கா? அந்த வார்த்தைய அப்படியே சொல்லுங்க” என்றான். “இன்னைக்குச் சத்தம் வேற மாதிரி கேக்குது, தள்ளிப் போன்னு சொன்னேன்” என்றேன். அவள் சொன்னதையே என்னுடையதாக்கிக் கொடுத்தேன். “நீங்க சொல்லியும் கேக்காமப் போயிட்டாளே” என்று அழுதான்.

பிறகும் பந்து மலைக்குப் போனேன். தரை காய்ந்த மாதங்களில் கோல் சத்தம் உண்மையிலேயே வேறு மாதிரிதான் கேட்டது. கட்டையைக் கட்டையால் தட்டுகிற மாதிரி. அவ்வளவு காலம் அது என் காதில் ஏறியதே இல்லை. பின்பு, கொழுந்து பறிக்கிற மலையில் நின்றாலும் கேட்டது. வீட்டில் தேங்காய் உடைத்தால் கேட்டது. ஆட்டம் இல்லாத நாட்களிலும் கேட்டது. எங்கே உட்காரலாம் என்று பெண்கள் கேட்டால், இஷ்டம் போல உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு நான் தேயிலைக்குள் போய்விடுவேன்.

தைக்குத் தை அவன் அவளுக்குப் படையல் போட்டான். படைத்து முடித்ததும் முதல் இலை எனக்குத்தான். தடுத்துப் பார்த்த மனுசியாம் நான். நாலாவது வருசம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். இலையில் சோறு விழுந்தது. பருப்பு விழுந்தது. அவன் எதிரே குந்தி உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தான். நான் வாயைத் திறந்தேன்.

“உப்புக் கொறச்சலாக்கா?” என்றான்.

“இல்ல. எல்லாம் சரியா இருக்கு” என்றேன். இலையில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டேன்.